ஒரு இழுப்புக்கு ஒரு குண்டு

அக்கா வீட்டில் என் துப்பாக்கிக்குத் தனி இரும்பு அலமாரி உண்டு. எனக்குக் கிடையாது. என் சட்டைகள் இரண்டு பிளாஸ்டிக் கூடைகளில் கிடக்கும். ஒன்றில் துவைத்தவை, மற்றதில் துவைக்காதவை. எது எது என்று முகர்ந்து பார்த்தால்தான் தெரியும். துப்பாக்கியின் அலமாரிக்குள்ளோ ஈரம் அண்டாமல் இருக்க ஒரு சூடேற்றும் கம்பி இரவும் பகலும் மின்சாரத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். ஹூஸ்டனை ஒட்டிய எங்கள் சுகர் லேண்டில் காற்றைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். இரும்பை ஒரு வாரம் சும்மா விட்டால் துரு வந்து குடியேறிவிடும்.

“பொண்டாட்டி வந்தாக்கூட இப்படிப் பாத்துக்க மாட்ட போல,” என்பாள் அக்கா.

“அவ துருப்புடிக்க மாட்டாளேக்கா.”

“உங்கூடக் குடும்பம் நடத்தினா எதுவும் துருப்புடிக்கும், போடா.”

நாங்கள் பொள்ளாச்சிக்காரர்கள். அப்பாவுக்கு ஹூஸ்டனில் வேலை கிடைத்தபோது எனக்குப் பதினைந்து வயது. அவருடைய கிரீன் கார்டோடு என்னுடையதும் ஒட்டிக்கொண்டு வந்தது. அவர் ரிட்டையர் ஆனதும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஊருக்கே போய்விட்டார். என்னை அக்காவிடமும் மாமாவிடமும் விட்டுவிட்டுப் போனார். மாமா என்றால் அக்காவின் கணவர். ஐடி வேலை. எதையும் நன்றாகப் படித்துப் புரிந்துகொண்ட பிறகுதான் பயப்படுவார், அதனால் முழுதாகப் பயப்படுவார். நான் படிக்காமலே பயப்படுகிற ஜாதி. கம்யூனிட்டி காலேஜில் மூன்று செமஸ்டர் இருந்தேன், அதில் ஒழுங்காகப் பயன்படுத்தியது பார்க்கிங் பர்மிட்டை மட்டும்தான். இப்போது ஏசி ரிப்பேர் வேலை. டெக்ஸாஸில் டாக்டர் இல்லாமல்கூட ஒரு வாரம் தள்ளிவிடுவார்கள், ஏசிக்காரன் இல்லாமல் ஒரு மத்தியானம் தள்ள மாட்டார்கள்.

துப்பாக்கி வந்த கதை ரொம்பச் சின்னது. துப்பாக்கிச் சந்தை மாதிரி நடக்கிற ஒரு கன் ஷோவுக்குச் சும்மா வேடிக்கை பார்க்கப் போனேன். ஒரு மேஜையில் அது இரண்டு கால்களை விரித்துக்கொண்டு நின்றது. பிரென் கன். இரண்டாம் உலகப் போரில் ஓடிய இயந்திரத் துப்பாக்கி, நம்மூர்ப் பட்டாளத்திலும் ரொம்ப காலம் இருந்தது. தோட்டா அடைக்கிற மேகசின் கீழே தொங்காமல் தலைக்கு மேலே வாழைக்காய் மாதிரி வளைந்து நிற்கும். அது நடுவில் மறைப்பதால் குறி பார்க்கிற முள்ளை இடது பக்கம் ஒதுக்கி வைத்திருப்பார்கள். நேராகப் பார்க்காமல் ஓரமாக எட்டிப் பார்த்துத்தான் சுட வேண்டும். நானும் பள்ளிக்கூடத்திலிருந்து அப்படித்தான் பரீட்சை எழுதினேன். பார்த்ததும் சொந்தக்காரன் மாதிரி இருந்தது.

அசல் பிரென் ட்ரிகரை அழுத்திப் பிடித்திருக்கும் வரை சுட்டுக்கொண்டே இருக்கும். அது மெஷின் கன், என்னைப் போன்றவன் கனவுகூடக் காணக் கூடாது. என்னுடையது செமி ஆட்டோமேட்டிக். பழைய துப்பாக்கியை வெட்டிப் போட்ட பாகங்களை எடுத்து, நடு உடம்பைப் புதிதாகச் செய்து, உள்ளே வேறு ட்ரிகர் அமைப்பு வைத்துக் கட்டியது. ஒரு இழுப்புக்கு ஒரு குண்டு. விரலை விட்டு மறுபடி இழுத்தால்தான் அடுத்தது. இந்த ஒழுக்கத்தைக் காப்பது உள்ளே இருக்கிற ஒரு சின்னக் கொக்கி. என் சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கிற சுத்தியல் ஒவ்வொரு குண்டுக்குப் பிறகும் பின்னால் வரும், கொக்கி மேலே எழும்பி அதைப் பிடித்துக்கொள்ளும். விரல் ட்ரிகரை விடும் வரை பிடியை விடாது. அந்த நகம் அளவு கொக்கிதான் எனக்கும் ஜெயிலுக்கும் நடுவில் நின்றது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

பராமரிப்பு என்று வந்தால் நான் சோம்பேறி இல்லை. சுட்டுவிட்டு வந்த அன்றே குழாயைத் துடைப்பேன், புகைக்கரியைச் சுரண்டுவேன், எண்ணெய் போடுவேன். செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை துப்பாக்கி எண்ணெய் தீர்ந்துவிட்டது. கடைக்குப் போக முப்பது நிமிடம். அப்போது அம்மா வீடியோ காலில் இருந்தாள். மேஜைமேல் பரப்பி வைத்திருந்த பாகங்களை அவள் ஏதோ ஏசியின் பாகங்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். நானும் திருத்தவில்லை.

“எண்ணெய் தீந்து போச்சும்மா. துருப்புடிச்சுரும்.”

“தேங்கா எண்ணெய் வெச்சுத் தேயி சாமி. துரு அண்டாது. நம்ம அருவாமனைக்கு வேறென்னத்தப் போடறோம்?”

பொள்ளாச்சிக்காரியிடம் கேட்டால் வேறு எந்த எண்ணெயைச் சொல்வாள்? தலைவலிக்கு அதுதான், தீப்புண்ணுக்கு அதுதான், கதவு கிரீச்சிட்டால் அதுதான். குளியலறையிலிருந்து அக்காவின் பாட்டிலை எடுத்து வந்தேன். ஊரிலிருந்து வந்த செக்கு எண்ணெய். தண்ணீர் மாதிரி தெளிவாக இருந்தது. தோட்டாவை உள்ளே தள்ளுகிற போல்ட்டில் தேய்த்தேன். ட்ரிகர் பெட்டிக்குள் சந்து பொந்தெல்லாம் போகட்டும் என்று தாராளமாக ஊற்றினேன். இரும்பு பளபளத்தது. அக்டோபரில் எடுத்துப் போய்ச் சுட்டேன், வெண்ணெய் மாதிரி ஓடியது. ஒவ்வொரு குண்டுக்கும் கல்யாண வீட்டு ஜடை வாசம் அடித்தது. எனக்கு என்னைப் பற்றி ரொம்பப் பெருமையாக இருந்தது. புது எண்ணெய் வாங்கவே இல்லை.

டிசம்பரில் கடிதம் வந்தது. சிட்டிசன்ஷிப் இன்டர்வ்யூ, ஜனவரி கடைசியில் ஒரு புதன்கிழமை. அக்கா அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி, அதற்குப் பக்கத்தில் ஒரு முருகர் ஸ்டிக்கரையும் ஒட்டினாள்.

“கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு. அங்க போயி உன்ற நையாண்டிய ஆரம்பிச்ச, அப்படியே பொள்ளாச்சிக்குப் பார்சல் பண்ணிருவாங்க.”

“பார்சல்னா நல்லதுதானக்கா, டிக்கெட் மிச்சம்.”

“இதத்தான் சொன்னேன்.”

இன்டர்வ்யூவுக்கு முந்தைய வாரத்துக்கும் முந்தைய சனிக்கிழமை. வடக்கிலிருந்து குளிர் இறங்கி, காலையில் கார்க் கண்ணாடியெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. மனசு படபடப்பாக இருந்ததால் சுட்டுப் பழகுகிற ரேஞ்சுக்குப் போகலாம் என்று கிளம்பினேன். துப்பாக்கி என் பிக்கப் வண்டியின் திறந்த பின்பக்கத்தில் பெட்டியில் கிடந்தது. ஃப்ரீவேயில் முக்கால் மணி நேரம், அப்புறம் மாட்டுப் பண்ணைகளுக்கு நடுவே கொஞ்ச தூரம். ரேஞ்சில் ஏழெட்டுப் பேர்தான் இருந்தார்கள். காவலுக்கு வழக்கமான அம்மணி. சிவப்பு வெஸ்ட், கம்பளித் தொப்பிக்கு மேல் காது மூடி, வாயில் சூரியகாந்தி விதை. ஆள் என் தோளுயரம்தான் இருப்பாள், ஆனால் அவள் கையைத் தூக்கினால் ரேஞ்சே மூச்சை நிறுத்தும்.

மேகசினைப் பொருத்தினேன். ஓரமாக எட்டிப் பார்த்தேன். இழுத்தேன்.

இரண்டு முறை வெடித்தது.

ஒரு இழுப்பு, இரண்டு சத்தம். நடுவில் ஒரு கண் சிமிட்டுகிற இடைவெளிகூட இல்லை. முதல் குண்டு குறி அட்டையில் பட்டது. இரண்டாவது எதிரே இருந்த மண்மேட்டின் மேற்பாதியில் போய்ப் புதைந்து புழுதியைக் கிளப்பியது. பக்கத்துப் பெஞ்சுக்காரன் தன் துப்பாக்கியை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். நான் இரண்டு கையையும் தூக்கினேன், யாரும் தூக்கச் சொல்லாமலே.

அம்மணி வந்தாள். விதையின் தொலியைத் துப்பினாள். நீயாக ஏதாவது மாற்றினாயா என்று கேட்டாள். இல்லை என்றேன். இதற்கு முன்னால் நடந்திருக்கிறதா? இல்லை. அவளே மேகசினைக் கழற்றி, உள்ளே இருந்த தோட்டாவை வெளியே எடுத்து, இரண்டு முறை உற்றுப் பார்த்தாள். பிறகு சொன்னாள், “இதைப் பெட்டியில் வை. சரி செய்யாமல் இங்கே கொண்டு வராதே. கொண்டு வந்தால் முதலில் என்னிடம் வா, இரண்டே இரண்டு தோட்டா மட்டும் போடு, நான் பக்கத்தில் நிற்பேன்.” அவ்வளவுதான். அதட்டவில்லை. ஆனால் வெஸ்ட் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து எதையோ எழுதினாள். என் பெயரா, பெஞ்சு நம்பரா என்று எட்டிப் பார்க்கக் கழுத்தை நீட்டினேன். நோட்டை மூடிவிட்டாள்.

வீட்டுக்கு வரும் வழியில் ஃப்ரீவேயில் ஒரு போலீஸ் கார் எனக்குப் பின்னாலேயே இரண்டு மைல் வந்தது. அது என்னைத் தாண்டிப் போன பிறகுதான் ரேடியோவே போடாமல் ஓட்டிக்கொண்டிருக்கிறேன் என்பது உறைத்தது.

மாமாவிடம் மட்டும் சொன்னேன். அவர் லேப்டாப்பைத் திறந்தார். அதுதான் நான் செய்த தப்பு. அரைமணி நேரத்தில் முகம் வெளுத்துவிட்டது.

“டேய், ட்ரிகர ஒரு தடவ இழுத்து ஒண்ணுக்கு மேல சுட்டா அது மெஷின் கன்னுன்னு போட்ருக்கான். இவ்ளோதான் டெஃபனிஷன்.”

“அது தானா சுட்டுதுங் மாமா. நான் எதுவுமே பண்ணலீங்களே.”

“ரிப்பேரான துப்பாக்கிக்கு என்ன ரூல்னு ஒருத்தன் ஒண்ணு சொல்றான், இன்னொருத்தன் வேற சொல்றான். மெஷின் கன் கேஸ் வந்தா கிரீன் கார்டே போயிரும்டா. சிட்டிசன்ஷிப் அப்புறம்.” சோபாவின் நுனிக்கு வந்துவிட்டார். “ஃபார்ம்ல ஒரு கேள்வி இருக்குதே, ஞாபகம் இருக்குதா? நீ ஏதாவது குற்றம் பண்ணி, அதுக்கு அரெஸ்ட் ஆகாம இருந்திருக்கியான்னு? அன்னிக்கு நோ போட்ட. இப்ப ஆபீசர் சத்தியம் வாங்கிட்டு மறுபடி கேப்பாங்க.”

“அரெஸ்டே ஆகாத குற்றத்த எதுக்குங்க கேக்கறாங்க? பேராசைதான?”

மாமா சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை. பாதி வழியில் நின்றுவிட்டது. அன்றிலிருந்து என் வாயில் வந்த நையாண்டியெல்லாம் இப்படித்தான் பாதியில் செத்தது. வாசலில் பார்சல்காரன் மணி அடித்தால் முதலில் ஜன்னல் திரையை விலக்கி யூனிஃபார்ம் என்ன நிறம் என்று பார்த்தேன். வேலைக்குப் போன வீட்டில் ஏசியின் ஒயரைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது அந்த அம்மணியின் நோட்டு ஞாபகம் வந்து, கழற்றிய ஒயரை எங்கே மாட்டுவது என்று மறந்து நின்றேன். ஒரே கேள்விதான் சுற்றிச் சுற்றி வந்தது. புதன்கிழமை வலது கையைத் தூக்கிச் சத்தியம் செய்துவிட்டு, அந்தக் கேள்விக்கு ஆமாம் என்பதா, இல்லை என்பதா?

செவ்வாய்க்கிழமை வேலைக்கு லீவு போட்டு, துப்பாக்கியை ரிப்பேர் பார்க்கிற ஒரு கன் ஸ்மித்திடம் எடுத்துப் போனேன். வரிசையாகக் கடைகள் இருக்கிற ஒரு ஸ்ட்ரிப் மாலின் பின்பக்கம் கடை. உள்ளே இரண்டு ஹீட்டர்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஆள் அரைக்கை பனியனோடு உட்கார்ந்திருந்தார். துப்பாக்கியைக் கவிழ்த்தார், நிமிர்த்தார், காலியாக வைத்து ட்ரிகரைப் பிடித்துக்கொண்டே போல்ட்டை இழுத்துவிட்டுப் பார்த்தார். டக். கொக்கி சுத்தியலைப் பிடித்தது. பத்து முறை, இருபது முறை. ஒரு முறைகூட நழுவவில்லை.

“ஒரு குறையும் இல்லை,” என்றார். பிறகு மூக்கைச் சுருக்கினார். “கேக் மாதிரி மணக்கிறதே. என்ன எண்ணெய் போடுகிறாய்?”

உலகத்தில் யாரிடமும் வாயாடுகிற நான் அந்த இடத்தில் வெட்கப்பட்டேன். அம்மா சொன்னாள், தேங்காய் எண்ணெய் என்று சொல்ல நாக்கு எழவில்லை. “சாதாரண எண்ணெய்தான்,” என்றேன். எங்கள் வீட்டில் அது சாதாரண எண்ணெய்தானே. பொய்கூட இல்லை. முழுதாகப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றால் ஒரு மாதம் விட்டுப் போ, வரிசை இருக்கிறது என்றார். அதற்குள் இன்டர்வ்யூ முடிந்துவிடும். திருப்பி எடுத்து வந்தேன்.

குறை இருந்தாலாவது சரி செய்யலாம். குறையே இல்லை என்றால் என்ன செய்வது? இரண்டு முறை சுட்டது நிஜம். ஏன் சுட்டது என்று தெரியாது. மறுபடி சுடுமா, அதுவும் தெரியாது. துப்பாக்கி அலமாரியில் கதகதப்பாகத் தூங்கியது. நான் தூங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா மாடியிலிருந்து கத்தினாள்.

“டேய்! எண்ணெய் ஒறஞ்சு கெடக்குது. கொஞ்சம் சுடுதண்ணில வெச்சு எடுத்துட்டு வா, தலைக்குத் தேய்க்கணும்.”

வடக்குப் பக்கம் பார்த்த குளியலறை. ஜன்னலோரம் அந்த பாட்டில். கவிழ்த்தேன், ஒரு சொட்டும் வரவில்லை. உள்ளே வெள்ளையாக, மெழுகுவர்த்தி மாதிரி. அதை அப்படியே கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். குளிர் காலத்தில் தேங்காய் எண்ணெய் உறையும் என்பது நம்மூரில் பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். குளிரை விற்றுச் சாப்பிடுகிற ஏசிக்காரன் எனக்கு மட்டும் அது நாலு மாதம் தெரியவில்லை.

அலமாரிக்குள் சூடேற்றும் கம்பி. அதனால் உருகியே இருந்தது. கன் ஸ்மித் கடையில் இரண்டு ஹீட்டர். அங்கேயும் உருகியே இருந்தது. அந்தச் சனிக்கிழமை மட்டும் பிக்கப்பின் பின்னால், பனிக்காற்றில், முக்கால் மணி நேரம்.

பாட்டிலை ஜன்னல் படியிலேயே வைத்துவிட்டு ஓடினேன். ட்ரிகர் பெட்டியை மட்டும் கழற்றினேன். அதில் தோட்டா போக வழியே இல்லை, வெறும் இரும்பும் ஸ்பிரிங்கும்தான். ஒரு ஜிப்லாக் பையில் போட்டு ஃபிரிட்ஜில், தயிர்ப் பாத்திரத்துக்கும் இட்லி மாவுக்கும் நடுவே வைத்துவிட்டு, எதிரே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

அக்கா தலையில் துண்டோடு இறங்கி வந்தாள். “எண்ணெய் எங்கடா?” என்று கேட்டுக்கொண்டே ஃபிரிட்ஜைத் திறந்தாள். ஜிப்லாக் பையை இரண்டு விரலால் தூக்கினாள்.

“என்றா இது, மாவுக்குப் பக்கத்துல?”

“ட்ரிகர்க்கா.”

“எதோட ட்ரிகர்?”

வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். ரேஞ்சு, நோட்டு, மாமாவின் லேப்டாப், அம்மாவின் அருவாமனை, எல்லாம். அவள் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டாள். நான் ஒரு வாரமாகச் சோறு சரியாகச் சாப்பிடாததற்குக் காரணம் ஏதோ பெண் விவகாரம் என்று நினைத்திருந்தாளாம்.

“அதுவா இருந்திருந்தாக்கூடப் பரவால்லடா,” என்றாள். அப்புறம் குரல் மாறியது. “உங்களுக்கும் தெரியுமா?” என்று மாமாவைப் பார்த்தாள். மாமா சட்டென்று காபிக் கப்பைக் கழுவப் போனார்.

இரண்டு மணி நேரம் கழித்துப் பையை எடுத்தேன். மூன்று பேரும் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி நின்றோம். ஒரு கை விரலால் ட்ரிகரை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். மறு கையால் சுத்தியலைப் பின்னுக்குத் தள்ளி, கட்டைவிரலால் தாங்கிக்கொண்டே மெதுவாக விட்டேன். கொக்கி எழும்பிப் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை. சுத்தியல் என் கட்டைவிரலோடு முன்னே வந்தது. மறுபடி செய்தேன். மறுபடியும் வந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால், கொக்கியின் அடியில் இருந்த குட்டி ஸ்பிரிங்கைச் சுற்றி வெள்ளை மெழுகு. சேற்றில் கால் புதைந்தவன் மாதிரி கொக்கி எழும்ப முடியாமல் நின்றது.

“உன்ற அம்மாதாண்டா குற்றவாளி,” என்றார் மாமா. எட்டு நாளில் அவர் சொன்ன முதல் நையாண்டி.

“எங்கம்மாவச் சொல்லாதீங்க,” என்றாள் அக்கா. “அருவாமனை என்ன ரெண்டு தடவையா வெட்டுச்சு?”

கராஜில் பாகங்களையெல்லாம் பிரித்துப் போட்டு, கரைப்பானில் ஊற வைத்து, பிரஷ்ஷால் தேய்த்து, மறுபடி ஊற வைத்தேன். தேங்காய் வாசம் போகிற வரை. அப்புறம் சரியான துப்பாக்கி எண்ணெயில் ஊசி முனை அளவு. மறுபடி ஃபிரிட்ஜ். இந்த முறை அக்காவே மாவை நகர்த்தி இடம் கொடுத்தாள். எடுத்துப் பார்த்தோம். டக். பிடித்தது. டக். டக். மாமா எண்ணினார். நாற்பதாவது முறை அக்கா போதும் என்றாள்.

ஆனால் மேஜைமேல் பிடிப்பது வேறு, நெருப்போடு ரேஞ்சில் பிடிப்பது வேறு. உண்மையில் சரியாகிவிட்டதா என்று தெரிய, குளிரில் சுட்டுப் பார்க்க வேண்டும். டெக்ஸாஸ் குளிரைப் பற்றித் தெரியாதா? திங்கட்கிழமை மேகம் கலைந்தது. செவ்வாய் அன்று ஜனங்கள் அரை டிரவுசரில் நடந்தார்கள். புதன்கிழமை இன்டர்வ்யூ ஆபீசின் வாசலில் மாமா காரில் ஏசியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஆபீசர் ஒரு அம்மா. கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்திருந்தாள். கையைத் தூக்கிச் சத்தியம் செய்தேன். அமெரிக்க வரலாறு, சட்டம் பற்றிய பாடக் கேள்விகளில் ஆறுக்கு ஆறு சரி. என் வாழ்க்கையில் நான் ஓரமாக எட்டிப் பார்க்காமல் எழுதிய ஒரே பரீட்சை அதுதான். பிறகு ஃபார்மை வரிசையாகப் படித்துக்கொண்டே வந்தாள். நோ. நோ. நோ. அந்தக் கேள்வி வந்தது. அரெஸ்ட் ஆகாத குற்றம் ஏதாவது உண்டா?

நோ சொல்வதற்குப் பதில் நான் நாற்காலியில் முன்னே நகர்ந்தேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“மேடம், நான் என் துப்பாக்கிக்குத் தேங்காய் எண்ணெய் போட்டேன்,” என்றேன்.

வாயிலிருந்து வந்ததைப் பிடித்து உள்ளே தள்ள முடிந்தால் தள்ளியிருப்பேன். அவள் கண்ணாடியைக் கீழே இறக்கினாள். அப்புறம் நிறுத்த முடியவில்லை. செமி ஆட்டோமேட்டிக், கொக்கி, குளிர், இரண்டு சத்தம், நிறுத்திவிட்டேன், சுத்தம் செய்துவிட்டேன், ஃபிரிட்ஜில் வைத்துப் பார்த்துவிட்டேன். ஃபிரிட்ஜ் என்றதும் அவள் பேனாவை வைத்தாள். நையாண்டி இல்லை, ஒரு வார்த்தைகூட. என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது.

அவள் கேட்டாள், வேண்டுமென்றே மாற்றினாயா? இல்லை. அதற்குப் பிறகு சுட்டாயா? இல்லை. போலீஸ், நோட்டீஸ், எதுவும்? இல்லை. நீண்ட நேரம் டைப் செய்தாள். இரண்டு வரிக்கு அவ்வளவு தட்டத் தேவையில்லை. பிறகு சொன்னாள், “நான் கேட்ட கேள்விக்கு எனக்கு ஆமாம் அல்லது இல்லை என்று ஒரு வார்த்தை வேண்டும்.”

“இல்லை,” என்றேன்.

முடிந்ததும் ஒரு தாளைக் கொடுத்தாள். முடிவு இப்போது சொல்ல முடியாது என்ற கட்டத்தில் டிக். காரில் ஏறினேன். மாமா என் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டியை எடுக்காமலே இருந்தார்.

“எதாச்சும் ஒளறுனியா?”

“எல்லாத்தையும் ஒளறிட்டேனுங்க.”

அவர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். ஹார்ன் அடித்தது. வாசல் செக்யூரிட்டி திரும்பிப் பார்த்தார். இரண்டு பேரும் நிமிர்ந்து உட்கார்ந்து, நல்ல பிள்ளைகள் மாதிரி சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டோம்.

இரண்டு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. அப்ரூவ் ஆகிவிட்டது, உறுதிமொழி விழா மார்ச் முதல் வாரம். அக்கா அழுதாள். அம்மா பொள்ளாச்சியிலிருந்து மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டதைச் சொன்னாள். எதற்காக நேர்ந்துகொண்டோம் என்பது அவளுக்கு இன்னும் முழுதாகத் தெரியாது. நான் கடிதத்தின் பின்பக்கத்தைப் படித்தேன். இன்டர்வ்யூவுக்குப் பிறகு ஏதாவது நடந்ததா என்று விழா அன்று மறுபடி கேட்பார்களாம். மறுபடி ஒரு ‘இல்லை’ எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

அந்த ஆபீசர் அம்மாவிடம் சரி செய்துவிட்டேன் என்று சத்தியத்தின் மேல் சொல்லியிருக்கிறேன். மேஜைமேல் நாற்பது டக்கை நம்பிச் சொன்னது. நெருப்போடு அது மறுபடி இரட்டையாக வெடித்தால், நான் சொன்னது என்ன ஆகும்? குளிர் வேண்டும், மார்ச்சுக்குள். காலையில் எழுந்ததும் பல் விளக்குவதற்கு முன் போனில் வெதர் பார்த்தேன். ஊரே வெயிலைக் கொண்டாடியது. நான் ஒருவன் மட்டும் குளிருக்குத் தவம் கிடந்தேன். “மாரியம்மங்கிட்டக் கொஞ்சம் குளிரும் கேளும்மா,” என்றேன். “ஏசியப் போடு சாமி,” என்றாள் அம்மா.

பிப்ரவரி கடைசியில் ஒரே ஒரு சனிக்கிழமை கிடைத்தது. கார்க் கண்ணாடி வெள்ளையாகப் பூத்திருந்தது. கிளம்புமுன் குளியலறைக்குப் போய் பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தேன். அசையவில்லை. துப்பாக்கியை அன்றைக்குப் போலவே பிக்கப்பின் பின்னால் வைத்தேன். அதே ஃப்ரீவே, அதே மாட்டுப் பண்ணைகள்.

ரேஞ்சில் அந்த அம்மணி என்னைப் பார்த்ததுமே அடையாளம் கண்டுகொண்டாள். என்ன குறை என்று கேட்டாள். சொன்னேன். இந்த முறை வெட்கப்படவில்லை. விதை மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னை உற்றுப் பார்த்தாள். பிறகு நோட்டை எடுத்து ஏதோ எழுதினாள், எழுதும்போது உதட்டோரம் துடித்தது. மற்றவர்களையெல்லாம் நிறுத்தச் சொல்லிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

மேகசினில் இரண்டே இரண்டு தோட்டா. போட்டேன். இரும்பு கன்னத்தில் பனிக்கட்டி மாதிரி ஒட்டியது. ஓரமாக எட்டிப் பார்த்தேன். அட்டையும் தெரிந்தது, அதற்குப் பின்னால் மண்மேடும் தெரிந்தது. மண்மேட்டில் அன்றைக்குப் புழுதி கிளம்பிய இடத்தைத்தான் என் கண் தேடியது.

இழுத்தேன்.

ஒரு சத்தம்.

காத்திருந்தேன். விரல் ட்ரிகரை அழுத்திப் பிடித்தபடியே இருந்தது. பக்கத்துப் பண்ணையில் ஒரு மாடு கத்தியது. பெஞ்சில் சுட்ட தோட்டாவின் காலிக் கூடு உருண்டு நின்றது. உள்ளே அந்த நகம் அளவு கொக்கி பிடித்துக்கொண்டிருக்கிறது, இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று எண்ணிக்கொண்டே இருந்தேன்.

“விரலை எடுக்கலாம்,” என்றாள் அம்மணி.

தெரியும். ஆனால் எடுக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் போகட்டும் என்று அப்படியே பிடித்துக்கொண்டு, வராத அந்த இரண்டாவது சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.